ஏரியில் அறிந்து கடலில் செல்க

அருகன் திருவடி வாழ்க!



வெள்ளியங்கிரி மலையின் சாரலை அடுத்த தொண்டாமுத்தூரில் நின்று நோக்குவார்க்குத் தென்னந்தோப்பும் பாக்குத்தோப்பும் தெரியுமேயன்றிக் கடல் தெரியாது. ஆயினும் நம் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கடல் கிடக்கின்றது. அது பிறவிக்கடல். அதனைக் கடக்கும் துறையை வகுத்துத் தந்தமையாலன்றோ அருகப் பெருமானைத் தீர்த்தங்கரர் எனப் போற்றுகின்றோம்? அக்கடலைக் கடக்க விரும்புவோன் தன் கலத்தை எங்கே சோதித்து அறிதல் வேண்டும் என்பதே இன்று நாம் சிந்திக்கற்பாலது.

உலகியலில் ஒரு சான்று காண்போம். அசந்தா குகையில் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஓவியம் ஒன்றில் பாய்மரக்கலம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. அதனை அடியொற்றி, மரப்பலகைகளை ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைத்து, இயற்கைப் பிசின் பூசி, 'கௌண்டின்யா' என்னும் கலத்தை நம் நாட்டார் அமைத்தனர். பழங்கலத்தின் வரைபடம் ஏதும் எஞ்சவில்லை. ஆகலின் அவர்கள் உடனே கடலுக்கு விரைந்தாரல்லர். கலத்தின் மாதிரியைக் கொண்டு, அது நீரில் இயங்கும் தன்மையைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையின் துணையோடு ஆய்ந்தனர். கலம் 2025 பிப்ரவரியில் கோவாவில் நீரில் இறக்கப்பெற்றது. அவ்வாண்டு மே 21இல் கார்வாரில் கடற்படையிற் சேர்ந்தது. டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து பாய் விரித்து, 2026 சனவரி 14இல் மஸ்கட் துறையை அடைந்தது. அடங்கிய நீரில் தொடங்கிய சோதனையே அலைநீரில் அதனைக் காத்தது.

கலம் மட்டுமன்று, கலத்தைச் செலுத்துவோனும் அவ்வாறே. ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் பயின்ற இளைஞர் பலர் பின்னர்க் கடற்போட்டிகளுக்குச் செல்கின்றனர். ஏரியில் படகு கவிழின் நீந்திக் கரை சேரலாம். பலகை கசியின் கரையேற்றி அடைக்கலாம். கடல் நடுவே அதே கசிவு உயிரைக் கொண்டுபோம். குறையை அறிவதற்குரிய இடம், குறையால் அழியாத இடமேயாகும்.

இதனை நம் தத்துவத்தோடு பொருத்திக் காண்மின். ஓட்டை வழியே கலத்துள் நீர் புகுதல் போல உயிரினிடத்து வினை வந்து புகுதல் ஊற்று. ஓட்டையை அடைத்தல் செறிப்பு. புகுந்த நீரை இறைத்து வெளியேற்றல் உதிர்ப்பு. ஓட்டை எங்குள்ளது என்று அறியாதவன் எதனை அடைப்பான்? ஆகலின் அறிதற்கென்றே நம் ஆசிரியர் இல்லறத்தார்க்கு ஓர் ஏரியை அமைத்துத் தந்தனர். அதுவே சிட்சாவிரதம்.

இன்று சிட்சை என்றவுடன் தண்டனை என்றே பலரும் கருதுவர். அதன் முதற்பொருள் பயிற்சி என்பதாகும். ஐந்து அணுவிரதம், மூன்று குணவிரதம், நான்கு சிட்சாவிரதம் எனச் சாவகர்க்கு விரதம் பன்னிரண்டு. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக நூலில் சிட்சாவிரதங்களைத் தேசாவகாசிகம், சாமாயிகம், புரோசதோபவாசம், வையாவிருத்தியம் என நான்காக வகுத்தனர்.

இன்று இத்தோட்ட எல்லையைக் கடவேன் என ஒரு பொழுதிற்கு எல்லை வகுத்து அடங்குதல் தேசாவகாசிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சமநிலையில் அமர்தல் சாமாயிகம். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உண்ணாதிருத்தல் புரோசதோபவாசம். துறவியர்க்கு உணவளித்தும் அவர்தம் இடர் களைந்தும் பணிபுரிதல் வையாவிருத்தியம். இவை சிறியன போலத் தோன்றும். ஆயினும் சாமாயிகத்தில் அமர்ந்து பாருங்கள். பத்து நிமிடத்திற்குள் பக்கத்து வயற்காரரோடு கொண்ட வரப்பு வழக்கு நினைவில் எழும். உண்ணாநோன்பன்று மாலையில் மருமகள்மீது சினம் மூளும். அதோ, அங்கேதான் கலம் கசிகின்றது! அது கண்டு அஞ்சற்க, விரதத்தை வெறுக்கற்க. ஓட்டையைக் காட்டிய ஏரிக்கு நன்றி கூறி அதனை அடைக்க முற்படுக.

இங்கே இருவகைப் பிழை நேர்தலுண்டு. முனிவர் உரை கேட்ட எழுச்சியில் ஆற்றலுக்கு மிஞ்சிய நோன்பை ஏற்று, அது முறிந்தபின் சிறு நோன்பையும் கைவிடுவோர் ஒருசாரார். இவர் சோதியாத கலத்தைக் கடலில் விட்டவர். ஏரியில் படகு மிதந்தமையே கடலைக் கடந்தமையாகும் எனச் செருக்கி, முப்பது ஆண்டுகளாக ஒரே சிறு நோன்பில் நின்றுவிடுவோர் மற்றொரு சாரார். ஏரி குறையைக் காட்டுமேயன்றிக் கரை சேர்க்காது. அணுவிரதம் மாவிரதத்தை நோக்கி நடத்தற்குரியது, அதிலேயே அமர்தற்குரியதன்று.

கடல் எப்பொழுது வரும்? நோயிலும் முதுமையிலும் உடல் தளருங்கால் வரும். உற்றாரைப் பிரியும் நாளில் வரும். இறுதிக் காலத்துச் சல்லேகனையைக் கூறுமிடத்தும், முதலில் திண்ணிய உணவையும், பின்னர்ப் பால் முதலியவற்றையும், அதன்பின் மோர் போன்றவற்றையும் படிப்படியாகவே விடுமாறு சமந்தபத்திரர் பணித்தனர். கடைசிப் பயணத்திற்கும் படி உண்டெனின், வாழ்நாளெல்லாம் ஒரு வேளை உணவையும் விட்டறியாதவர் அந்நாளில் அமைதி காண்பது எங்ஙனம்?

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டுத் தொழிலின் பொருட்டுக் கொங்கு நாடு வந்த குடும்பத்தார், "இங்கே தெருவில் சினாலயம் இல்லையே, நோன்பை எவ்வாறு காப்பது?" என வருந்துவர். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இந்நாட்டுச் சமணத்தின் பழம்பெருமையைச் சாற்றி நிற்கின்றது. எனினும் சாமாயிகத்திற்கு வேண்டுவது கோபுரமன்று. வீட்டின் ஒரு மூலையும் இரண்டு நாழிகைப் பொழுதுமே.

ஆதலின் வரும் அட்டமியன்று உம் உடல்நிலைக்கு இசைந்த ஒரே ஒரு நோன்பைக் கால எல்லை வகுத்து ஏற்றிடுக. மாலையில் எங்கே கசிந்தது என எண்ணிப் பார்த்திடுக. அடுத்த சதுர்த்தசிக்குள் அதனை அடைத்திடுக. அடங்கிய நீரில் அறிந்து திருத்திய கலமே அலைகடலில் நம்மைத் தாங்கும்.

வாழ்க அறம்! வளர்க அருகநெறி!