துருவும் மலமும்

பழைய இரட்டைக்குழல் துவக்கைப் புதுப்பிக்கிறவர் முதலில் குழலின் துருவைத் துடைக்கிறார். பிறகு அதே குழலுக்குத் தன் கையாலேயே துருவேற்றுகிறார். கேட்கிறவருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், துவக்குக் குழலின் நீலம் கலந்த கறுப்பு சாயமல்ல, அதுவும் துருதான்.

எண்ணெய்ப்பசை போகக் கழுவிய உருக்கில் அமிலக் கலவையை மெல்லியதாகப் பூசி ஈரமான இடத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் செந்துரு படரும். கொதிநீரில் அமிழ்த்தினால் அது கறுக்கும். மேலே நிற்கும் பொடியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும், மறுபடி அவிக்க வேண்டும். நிறம் ஆழும்வரை இதே வேலை. சிவப்புத் துரு உருக்கைத் தின்னும். கறுப்புத் துரு எண்ணெயைப் பிடித்துவைத்து உருக்கைக் காக்கும். கொதிக்கும் காரக் கரைசலில் விரைவாகக் கறுப்பேற்றலாம். ஆனால் அது இரு குழல்களை இணைக்கும் ஈயப்பற்றை அரித்துவிடும்.

உலோகத்தைப் பற்றும் துரு சைவ சித்தாந்தத்துக்குப் பழகிய உவமை. உயிரை ஆணவ மலம் என்ற அழுக்கு பற்றியிருப்பதைச் செம்பில் களிம்பு என்று அந்த நெறி விளக்கிவருகிறது. களிம்பு இடையில் வந்ததல்ல, செம்போடே உள்ளது என்பது கருத்து. இடையில் வந்தது என்றால், முத்தி பெற்ற உயிரையும் அது மறுபடி பற்றலாமே என்று சித்தாந்திகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இரசாயனம் இதற்கு உடன்படாது. களிம்புக்கும் துருவுக்கும் வெளியிலிருந்து காற்றும் ஈரமும் வேண்டும். அப்படியானால் உவமை தோற்றதா? இரும்பின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நாம் உருக்கியெடுக்கும் இரும்புத்தாதுக்களில் முதன்மையானவை இரண்டும், ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு, ஒட்சைட்டுகளே. மின்னும் இரும்பு உலையில் பிறந்தது. மண்ணில் முந்தியிருந்தது துருவின் இனமே.

அதே துவக்கின் மரப்பிடியில் விழும் நசுங்கல் வேறு வகை. ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், அமுங்கிய நார்கள் நீராவியில் ஊதி எழும்பும். அங்கே நீக்குவதற்கு வேற்றுப்பொருள் எதுவுமில்லை.

உயிருக்கு நேர்ந்தது எது, துருவா நசுங்கலா? கொழும்புத்துறைக் குடிலில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமியின் குரு, நல்லூர்ச் செல்லப்பா சுவாமி. "ஒரு பொல்லாப்புமில்லை" என்பது செல்லப்பாவின் வாக்கு: நசுங்கலின் பக்கம். 1949இல் யோகரிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி பின்னர் ஹவாயில் ஆதீனம் அமைத்து, உயிர் முடிவில் சிவத்தோடு ஒன்றாகும் என்றார். சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபினர் இசையவில்லை: பதியாகிய இறை, பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் அநாதி, முத்தியில் மலத்தின் வலிமை அடங்குமேயன்றி மலம் அழியாது. 1980களில் இந்த வாதம் சூடாக நடந்தது.

குழலின் கறுப்பு மெய்கண்டார் பக்கமே சாய்கிறது. தின்னும் துருவே காக்கும் துருவாவதுபோல, மலத்தோடு நின்று மறைக்கும் இறைவனின் திரோதான சத்தியே, மலம் பக்குவப்பட்டதும் அருளாக வெளிப்படும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் செந்துரு தானாகக் கறுப்பதில்லை. அவிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் குரு என்பதில் கொழும்புத்துறையாருக்கும் மெய்கண்டார் மரபினருக்கும் பிணக்கில்லை.