பாடம் நடத்தினால் கடமை தீர்ந்ததா?

கல்வியின் அவசியத்தை நம்மவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! மளிகைக் கடை வைத்திருப்பவரும், நாணயமாற்று வியாபாரம் செய்பவரும், உணவுக்கடை நடத்துபவரும் தம் மக்களைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பவேண்டும் என்றே பாடுபடுகின்றனர். பெண்மக்களையும் அவ்வாறே படிக்க வைக்கின்றனர். கல்விக்காகப் பொருள் ஈவதிலும் நம் வணிகர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். 1951ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய ஜமால் முகம்மது கல்லூரி, ஜமால் முகம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் என்னும் இரு வணிகப் பெருமக்களின் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

கட்டடம் எழுப்பினோம், கட்டணமும் கட்டுகிறோம். ஆனால் ஒன்றை மட்டும் நாம் கேட்பதில்லை. வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் என்ன நடக்கிறது? கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?

மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிவிட்டுக் கடைக்கு வந்த நமக்குக் கல்லூரி வகுப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பௌதிகத்தையும் இரசாயனத்தையும் பற்றி நாம் பேச வரவில்லை. கொடுப்பவர் கடமை எங்கே முடிகிறது, வாங்குபவர் கடமை எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றியே பேச வந்தோம். அது கடைக்காரனுக்குத் தெரியாத விஷயம் அன்று.

கேள்வி இதுதான். ஒரு விரிவுரையாளர் மண்டபத்துக்குள் வருகிறார். 200 மாணவர்கள் உட்கார்ந்திருக்கின்றனர். ஒரு மணி நேரம் பிழையில்லாமல் பேசுகிறார். நேரம் முடிந்ததும் புறப்பட்டுப் போகிறார். மாணவர்களில் பாதிப்பேர் விளங்கிக்கொண்டனர். மீதிப்பேர் எழுதிக்கொண்டனர், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. அந்த விரிவுரையாளரின் கடமை தீர்ந்ததா, இல்லையா?

தீர்ந்தது என்று சொல்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். கல்லூரி மாணவர் குழந்தையல்லர். 18 வயது கடந்தவர். ஆசிரியர் சொல்லத்தான் முடியும், மாணவருக்காக அவர் விளங்கிக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் பிசைந்து ஊட்டினால் பிள்ளை தானாக உண்ணப் பழகுவது எப்போது? இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் நம் வியாபார முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விலை பேசி முடித்த பிறகும், சரக்கு வாங்குபவர் கைக்கு வருமுன் அழிந்துபோனால், நஷ்டம் விற்றவரையே சாரும் என்பது நம் பிக்ஹுக் கிதாபுகள் கூறும் சட்டம். "நான் கிடங்கிலிருந்து அனுப்பிவிட்டேன்" என்று சொல்லி அவர் தப்பிக்க முடியாது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே இறங்கியது போல ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீன் திருக்குர்ஆனில் இருக்கிறது. உப்புக்கும் புளிக்கும் இத்தனை கண்டிப்பு இருக்கும்போது, ஒரு பிள்ளையின் வாழ்நாளையே நிர்ணயிக்கும் கல்விக்கு அளவு வேண்டாமா?

ஆனால் இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அரிசியை வாங்குபவர் பையைப் பிடித்தால் போதும். அறிவை வாங்குபவர் தம் மூளையால் உழைத்தாக வேண்டும். ஆகவே, ஒவ்வொரு மாணவனும் விளங்கிக்கொண்டே தீரவேண்டும் என்ற பொறுப்பை ஆசிரியர் தலையில் சுமத்துவது அநீதி. அவரிடம் நாம் கேட்கக்கூடியது வேறு. தராசை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்து நிறுப்பது நாணயமான கடைக்காரனின் வழக்கம். அதுபோல, தாம் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை வகுப்பிலேயே நிறுத்துப் பார்ப்பதும், குறைவு தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்வதும் ஆசிரியரின் கடமை. பேசி முடித்ததும் கடமை முடிவதில்லை. சேர்ந்ததா என்று பார்த்த பிறகே முடிகிறது.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னால், கேட்பவர்களுக்கு நன்கு விளங்கும்பொருட்டு மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். தோழர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடாமல் இருக்க, உபதேசத்துக்கு நாள்களைத் தேர்ந்து வைத்திருந்தார்கள் என்றும் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஆசிரியரின் கடமைகளை வகுக்கும்போது, மாணவனின் அறிவு எட்டாததை அவன்மேல் போடக்கூடாது என்கிறார்கள். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் கல்வி கற்கும் முறையைப் பற்றி நூல் எழுதிய இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள், தனியே இருந்து திரும்பத் திரும்ப ஓதுவதைவிட ஒருவரோடொருவர் கேட்டும் விவாதித்தும் கற்பது பன்மடங்கு மேலானது என்கிறார்கள்.

இனி, இக்காலத்துக் கல்லூரியில் இதை நிறுத்துப் பார்த்தவர்களின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற பௌதிகப் பேராசிரியர் இருக்கிறார். மாணவர்கள் அவரை நல்ல ஆசிரியர் என்றே மெச்சினர். கடினமான கணக்குகளையும் போட்டனர். பின்னர் அவர், பௌதிகத்தின் அடிப்படைகளைச் சாதாரண வார்த்தைகளில் கேட்கும் ஒரு பரீட்சையை வைத்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, அவர் கற்றுக்கொடுத்தபடி விடை எழுதுவதா, தான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம்! சூத்திரம் மனத்தில் ஏறியிருந்தது; விளக்கம் ஏறவில்லை என்பது அப்பரீட்சையில் வெளிப்பட்டது.

1991ஆம் ஆண்டில் அவர் முறையை மாற்றினார். சற்று நேரம் விளக்குவார். பிறகு ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் முதலில் தனியே யோசித்துத் தம் விடையைத் தெரிவிக்கவேண்டும். அதன்பின் பக்கத்தில் இருப்பவரோடு வாதிக்கவேண்டும். மறுபடியும் விடை தெரிவிக்கவேண்டும். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் மேலே செல்வார். இல்லையேல் அங்கேயே நின்று விளக்குவார். "200 பேரை எப்படி ஒவ்வொருவராய் விசாரிப்பது?" என்பவர்களுக்கு இதுவே பதில். பெரிய மண்டபத்திலும் தராசு வைக்க முடியும்.

இது ஒருவரின் அனுபவம் மட்டுமன்று. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2014இல் வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் 100க்கு ஏறக்குறைய 34 பேர் தவறினர். மாணவர்கள் யோசிக்கவும், பேசவும், செய்து பார்க்கவும் இடமளித்த வகுப்புகளில் 22 பேர் தவறினர். அந்தப் 12 பேர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. "படிப்பு இவனுக்கு ஏறவில்லை" என்ற பழிச்சொல்லைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள் அவர்கள். குறை பிள்ளையிடமா, கற்பித்த முறையிடமா என்று நாம் என்றேனும் விசாரித்ததுண்டா?

2020இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நம் நெஞ்சில் இன்னும் ஆழமாகப் பதியவேண்டியது. அந்நாட்டில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், கல்லூரிகளில் குறைவாகக் காணப்படும் சிறுபான்மைப் பிள்ளைகளும் தேர்ச்சியில் மற்றவர்களுக்குப் பின்தங்கி நிற்பதுண்டு. மாணவரை ஈடுபடுத்திக் கற்பித்த வகுப்புகளில் அந்த இடைவெளி 100க்கு 45 பங்கு குறைந்ததாம். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தகப்பன் டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தால், வகுப்பில் விளங்காததை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கடைக்காரன் மகளுக்கு வகுப்பை விட்டால் வேறு இடம் ஏது? ஆசிரியர் வகுப்பிலேயே நிறுத்துக் கொடுத்தால்தான் அவளுக்குக் கிடைக்கும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவேண்டுமே, கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரம் எங்கே?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் முடித்தது யார்? ஆசிரியர் முடித்தார், மாணவர் முடித்தாரா? நூறு மூட்டை ஏற்றி அனுப்பி அறுபது மூட்டை சேர்வதைவிட, எண்பது மூட்டை ஏற்றி எழுபத்தைந்து சேர்வது மேல் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்வார். எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக்கூடாது என்பதை நிர்ணயிக்கவேண்டியவர்கள் ஆசிரியர்களும் கல்லூரியாருமே. அதற்கான அவகாசத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் குற்றம் மட்டும் சொல்வது முறையாகாது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 2019இல் அதே ஹார்வர்டில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். இனிமையாகப் பேசும் ஆசிரியரின் விரிவுரையைக் கேட்டவர்கள், தாம் அதிகம் கற்றதாக எண்ணினர். தாமே முட்டிமோதிக் கணக்குப் போட்டவர்கள், குறைவாகக் கற்றதாக எண்ணினர். பரீட்சை வைத்தபோது முட்டிமோதியவர்களே அதிகம் கற்றிருந்தனர்! ஆகவே, கேட்பதற்கு இன்பமாயிருப்பதைக் கற்றதாக மயங்கக்கூடாது. மாணவர் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சாமல் அவர்களுக்கு வேலை கொடுக்கும் ஆசிரியருக்கு நம் ஆதரவு இருக்கவேண்டும்.

மாணவர் கடமைக்கு வருவோம். பழைய ஸபக்கை ஒப்புவித்த பிறகே புதிய ஸபக் என்பது மதரஸாவில் நாம் அறிந்த முறை. அன்று அது பாரமாகத் தோன்றியது. 2006இல் அமெரிக்காவில் இரு மனோதத்துவ அறிஞர்கள் கல்லூரி மாணவரிடையே இதைச் சோதித்தனர். ஒரு பகுதியை மறுபடியும் படித்தவர்களுக்கு, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, மறுபடி படிக்காமல் தம் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். படித்ததை மூடிவைத்துத் தனக்குத்தானே ஒப்புவித்துப் பார்க்காத மாணவன், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். அதேபோல், பொருள் விளங்காமல் ஒப்புவிப்பதும் குறைநிறுவையே. இது கல்லூரிக்கும் பொருந்தும், மதரஸாவுக்கும் பொருந்தும்.

மாணவருக்கு மற்றொரு கடனும் உண்டு. "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்வது அது. சொல்வதற்கு எளிது; 200 பேர் நடுவில் செய்வதற்கு அரிது. இதைப் பற்றி ஹதீஸில் வரும் ஒரு நிகழ்ச்சியை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்று வினவினார்கள். பெரியவர்கள் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தனர். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று மனத்தில் பட்டது. பெரியவர்கள் சபையில் பேச வெட்கப்பட்டு மௌனமாயிருந்துவிட்டார். பிறகு நபியவர்களே விடையைக் கூறினார்கள். மகன் பின்னர் இதைச் சொன்னபோது, நீ அங்கே சொல்லியிருந்தால் அது எனக்கு எத்தனையோ செல்வத்தைவிட உவப்பாயிருந்திருக்கும் என்ற கருத்தில் தந்தை உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மூவருக்கும் பாடம் இருக்கிறது. ஆசான் விடையைச் சொல்லுமுன் கேட்டார்கள். யோசிக்க இடம் கொடுத்தார்கள். மாணவரின் வெட்கம் அவர் வாயைக் கட்டியது. தந்தையோ மகன் மௌனமாயிருந்ததற்காக வருந்தினார்.

நாம் அந்தத் தந்தையைப் போலிருக்கிறோமா? பிள்ளை வீட்டுக்கு வந்தால் "எத்தனை மார்க்கு?" என்கிறோம். "இன்று வகுப்பில் என்ன கேட்டாய்?" என்பதில்லை. வீட்டில் கேள்வி கேட்டால் "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று அடக்குகிறோம். அப்படி அடங்கி வளர்ந்த பிள்ளை கல்லூரி மண்டபத்தில் எழுந்து நின்று "விளங்கவில்லை" என்று எப்படிச் சொல்லும்? அதபு வேறு, ஊமையாயிருப்பது வேறு. பணிவோடு கேட்பதும் அதபுதான்.

நம் சங்கங்களும் இதைச் சிந்திக்கலாம். கல்வி உதவித்தொகை கொடுப்பதோடு நின்றுவிடாமல், பெற்ற பிள்ளைகளை மாதம் ஒருமுறை ஒன்றுகூட்டி, ஒருவர் கற்றதை மற்றவருக்கு விளக்கச் சொல்லலாம். மூத்த மாணவர்கள் இளையவர்களின் சந்தேகங்களைத் தீர்க்கலாம். இதற்கு மண்டபமும் வேண்டாம், பெரும் பொருளும் வேண்டாம். கல்லூரிக்குக் கொடை கொடுக்கும் தனவந்தர்கள், கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஆசிரியர்களின் பயிற்சிக்கென்று ஒதுக்கலாம். கட்டடத்தில் பெயர் பொறிப்பார்கள். பயிற்சியில் பொறிக்க இடமில்லை. ஆனால் கூலி கொடுப்பவன் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

கற்பிப்பது அமானிதம். கற்பதும் அமானிதம். அமானிதம் உரியவரிடம் போய்ச் சேரும்வரை அதைச் சுமப்பவரின் பொறுப்பு நீங்குவதில்லை. நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், கேட்கும் துணிவையும், அவர்களுக்குக் கற்பிப்போருக்குப் பொறுமையையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.