ஃபேமிலியா, பேச்சலரா?

சென்னையில் வீடு தேடினால் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் அவளும் ஆறு வருடமாக "கசின்ஸ்" என்று சொல்லிச் சமாளித்தோம்.

முதலில் இருந்தது மாடிப் போர்ஷன், கீழே ஓனர். எங்களிடம் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போட்டுப் படுப்போம். ஓனரம்மா வாடகை வாங்க மேலே வரும் நாளில் பிரித்து, நடுவில் ஒரு ஸ்டூலை வைப்போம். மாதாமாதம் இழுத்ததில் மொசைக் தரையில் கோடே விழுந்துவிட்டது.

பிறகு பெருங்குடிப் பக்கம் அடுக்குமாடிக்கு மாறினோம். வாடகை 9,000 ரூபாயிலிருந்து 19,000 ஆனது. கூடுதல் பத்தாயிரத்துக்கு ஓர் அறைகூடக் கூடவில்லை. ஓனர் துபாயில் இருந்தார், அவ்வளவுதான். ஸ்டூல் பால்கனிக்குப் போனது, மேலே துளசித் தொட்டியோடு.

போன வருடம் அவளுக்கு வேலை போயிற்று. அடுத்து என் சம்பளம் குறைந்தது. "வாடகை கம்மியா பாருங்களேன்" என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் கணக்கில் அதற்கு அர்த்தம், ஸ்டூலை மறுபடி உள்ளே கொண்டுவருவது.

வேலை போனால் நம்மூரில் முதலில் கைகொடுப்பது உறவு. அம்மா வீட்டில் நாலு மாதம் இருக்கலாம், அண்ணன் அட்வான்ஸ் தருவான், அத்தையின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். இந்தக் காப்பீட்டுக்குத்தான் கல்யாணம், காதுகுத்து என்று மொய் எழுதிப் பிரீமியம் கட்டுகிறோம். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே எங்கள் பாலிசி காலாவதியானது.

2018-இல் உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2023-இல் திருமணத்தை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. அந்தச் செய்தியை அவள் இரண்டு முறை சத்தமாக வாசித்தாள். டு-லெட் பலகைகளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் 14,000 ரூபாயில் ஒரு வீடு தகைந்தது. ஓனர் திருச்சியில். பழைய அட்வான்ஸ் வாடகை பாக்கியில் கழிந்திருந்தது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த 'இல்லாவிட்டால்' வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உள்ளே வருகிறது.

கைமாற்றுக் கேட்டே ஆக வேண்டும். காரணம் சொன்னால் எங்களைச் சொல்ல வேண்டும். பழைய ஆபீஸ் அக்கா ஒருவரிடம், ஸ்டூல் உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எவ்ளோ வேணும்?"

"எப்ப திருப்பித் தருவேன்னு தெரியலக்கா."

"எங்க வீட்டு அட்வான்ஸு எங்கண்ணன் குடுத்துச்சு. அது என்ன எழுதி வாங்கிட்டா குடுத்துச்சு?"

அத்தனை நாள் கேட்கக் கூசியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கடன் வாங்குவது எனக்குப் புதிதில்லை. அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு ஆளில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே என்றுதான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால், தெரிந்தால்தானே யாராவது வந்து அங்கே நிற்க முடியும்?

சாவி வாங்கப் போன அன்று புரோக்கர் நோட்டைப் பிரித்தார். "ஃபேமிலியா, பேச்சலரா?"

"ஃபேமிலி" என்றேன்.

எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'லேடீஸ் 2.'

திருத்தச் சொல்லவில்லை. அட்வான்ஸில் இரண்டு மாதம் குறைக்கச் சொன்னேன்.