ஒளிரும் குறியும் இருளில் நிற்கும் உயிரும்

இரவில் ஓர் உயிரைச் சுடுபவர் எதைக் கண்டு சுட்டார், எதைக் காணாமல் சுட்டார் என்பது அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வி. துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் ஸ்கோப் என்னும் குறிநோக்குக் கருவியில், சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும் குறியை அமைக்கும் முறை பரவிய பிறகு இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றிருக்கிறது. ஏனெனில் இருளில் குறி தப்புவதற்கான காரணங்களுள் ஒன்றை நீக்கித் தரும் அக்கருவி, எதிரில் நிற்பது இன்னதென்று அறியும் கடமையைச் சுடுபவரிடமே விட்டுவிடுகிறது. இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பொறியியலோடு அறமும் கலந்திருக்கிறது என்பதும், அவ்விரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒரே விடையைத் தருகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இக்கேள்வி நேரில் எழும் இடம் ஒன்றைக் காண்போம். பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூர் மாவட்டத்தின் தெற்கெல்லை, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் சென்று முடிகிறது. அங்கே காட்டுப்பன்றிகள் ஓடைப் புதர்களில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பின் மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் கரும்பிலும் இறங்குகின்றன. அவை தின்பதைவிட மிதித்தும் கிளறியும் அழிப்பது மிகுதி. வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியும் விடிய விடியக் காவல் இருந்தும் பயிரைக் காக்க முயலும் விவசாயியின் இழப்பை எளிதாகக் கடந்துசெல்லும் எந்த அறவாதமும் நேர்மையானதாகாது.

எனினும் சட்டம் இங்கே துப்பாக்கியை எல்லார் கையிலும் கொடுத்துவிடவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, உரிமம் பெற்ற வேட்டையையேகூட இரவிலும் செயற்கை ஒளியின் துணையுடனும் நடத்துவதைச் சிறப்பு அனுமதி இருந்தாலன்றித் தடுத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையையே நீக்கிவிட்டது. மனித உயிருக்கோ பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகும் விலங்கைக் கொல்ல, உரிய அதிகாரி எழுத்து மூலம் அனுமதிக்கலாம் என்னும் 11-ஆம் பிரிவே இன்று எஞ்சியிருக்கும் முக்கிய வழி. அவ்வழியில், 2022-இல் கேரள அரசு காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று வகுத்தது. ஆகவே தமிழ்நாட்டில் இரவு ஸ்கோப் பற்றிய கேள்வி பொழுதுபோக்கு வேட்டைக்காரரின் விருப்பத்தைப் பற்றியதாக இராமல், பொதுக்கடமையாகக் கொல்லும் பொறுப்பு ஏற்றவரின் மனநிலையைப் பற்றியதாகிறது.

கருவியின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வது நலம். ஸ்கோப்பின் உள்ளே கண்ணாடியில் பொறிக்கப்பட்ட மெல்லிய குறுக்குக் கோடுகளே குறி எனப்படும்; கருமையான பன்றியின் உடல்மீது கருங்கோடு படியும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று மறைந்துவிடுவதால், கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியை ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு ஒளிரச் செய்கிறது. இந்த ஒளி கருவிக்குள்ளேயே தங்கிவிடுவது. வயலுக்கு அது செல்வதில்லை, பன்றியின்மீது அது படுவதுமில்லை. விலங்கு கண்ணுக்குத் தெரிவது முன்கண்ணாடி திரட்டித் தரும் நிலவொளியாலும் விண்மீன் ஒளியாலுமே. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 56 மில்லிமீட்டர் கண்ணாடி 8 மடங்கு பெருக்கத்தில் 7 மில்லிமீட்டர் கற்றையைத் தரும், இருளில் விரியும் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய அந்த அளவை எட்டும், வயதானவரின் கண்மணி அந்த அளவுக்கு விரியாது. பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கற்றை ஒடுங்கிக் காட்சி மங்குகிறது. இருளுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. குறியின் ஒளி மிகுந்தால் அப்பழக்கம் குலைவதோடு, அவ்வொளி கண்ணில் பரந்து பின்னால் நிற்கும் விலங்கையே மறைத்துவிடுகிறது. ஆகவே, எவ்வளவு மிகுதியாக ஒளிரும் என்பதைவிட எவ்வளவு தாழ்த்த முடியும் என்பதே நல்ல இரவு ஸ்கோப்பின் இலக்கணம். குறி மிக மங்கலாக, ஒரு சிறு புள்ளியாக நின்று, உயிரின் வடிவத்துக்கு இடம்விட வேண்டும்.

சைவ சித்தாந்தம் பார்வையைப் பற்றிச் சொல்லும் கருத்து இவ்விடத்தில் பெரிதும் பொருந்துகிறது. கண் தானாகக் காண்பதில்லை. காட்டும் ஒளியும் உடன்நின்று அறியும் உயிரும் கூடினாலே காட்சி நிகழும் என்பது அந்நெறியின் கொள்கை. உயிரைப் பற்றியுள்ள மலங்கள் எனப்படும் மூன்று அழுக்குகளுள் மூலமானதாகிய ஆணவத்தை அது இருளுக்கு ஒப்பிட்டு, உடனே ஒரு வேறுபாட்டையும் எடுத்துக்காட்டுகிறது: உலகத்து இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்கிறது, ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயன் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகிறது. இரவு இருட்டாக இருக்கிறது என்பதைச் சுடுபவர் அறிவார். ஆகவே எச்சரிக்கையாகவும் இருப்பார். கருவிக்குள் கூர்மையாக ஒளிரும் புள்ளி, எல்லாம் தெரிந்துவிட்டது என்னும் உறுதியை அவருள் எழுப்புமாயின், அந்த உறுதி இருளைவிடத் தீங்கானது. அது அறியாமை என்று தன்னை அறிவித்துக்கொள்வதில்லை.

குறி தப்பாத கையே பெரும்பாவத்துக்குக் காரணமாகக் கூடும் என்பதற்கு இராமகாதை சொல்லும் தயரதன் வரலாறு சான்று. ஒலி வந்த திசையில் அம்பு எய்ய வல்ல அரசன், இரவில் ஆற்றங்கரையில் குடத்தில் நீர் நிறையும் ஓசையைக் கேட்டு, யானை நீர் பருகுவதாக எண்ணி எய்தான். கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் கொண்டுபோக வந்த மைந்தன் வீழ்ந்தான். அம்பு, குறித்த இடத்திலேயே தைத்தது. குறை நேர்ந்தது வில்லிலும் அன்று, பயிற்சியிலும் அன்று; இன்னதென்று அறியுமுன் நாணை விட்ட மனத்தில் நேர்ந்தது.

அந்த மனக்குறைக்குச் சமணம் துல்லியமான வரையறை தருகிறது. தத்துவார்த்த சூத்திரம், விழிப்பின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. பின்வந்த சமண ஆசிரியர்கள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பகுத்தனர்: வேண்டுமென்றே கொல்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். திருப்பூருக்கு அண்மையில் விசயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கும் கொங்கு நாட்டுக்கு இச்சிந்தனை வெளியிலிருந்து வந்த ஒன்றன்று. பயிர்காக்கக் கொல்லுதல் தற்காப்பின் எல்லைக்குள் அடங்கலாம். ஆயினும் விழிப்பின்றிச் சுட்ட ஒரு குண்டு அந்த எல்லைக்குள் அடங்காது.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். கொல்வது தவிர்க்க முடியாதென்று முடிவான பின், கருவி கூர்மையாக இருப்பதே கருணையன்றோ? தவறாகப் பட்ட குண்டோடு புதருக்குள் ஓடிய பன்றி நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். ஒளிரும் குறி அவ்வதையைக் குறைக்கிறது. இவ்வாதம் முற்றிலும் உண்மை. மோசமான கருவியை வைத்துக்கொண்டு இரவில் சுடுவதும் ஒருவகை விழிப்பின்மையே. ஆனால் இவ்வாதம் குண்டு எங்கே படும் என்பதற்கு மட்டுமே விடை தருகிறது. யார்மேல் படும், அதற்கு அப்பால் யார் இருக்கிறார் என்பவற்றுக்கு அது விடையாகாது. மதுரைத் திருவிளையாடல்களுள் ஒன்றில், பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றி இறக்க, அனாதைகளான பன்னிரண்டு குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டுகிறார். சுட்டபின் எஞ்சும் உயிர்களைக் கணக்கில் கொள்ளாத குறி முழுமையான குறியாகாது என்பதை இதைவிடக் கனிவாக ஒரு புராணம் சொல்ல முடியாது. குட்டிகள் உடனிருக்கின்றனவா என்பதைக் காட்டுவது பொறுத்திருந்து பார்க்கும் கண்தான்.

ஒளி எங்கே விழவேண்டும் என்பதைத் திருப்பூரின் தொழிலே காட்டும். பனியன் கம்பெனியில் துணியைச் சோதிக்கும் செக்கிங் மேசையில் விளக்கு துணிக்கு அடியில் எரிகிறது. பின்னல் வழியே ஊடுருவும் அவ்வொளியில் ஊசிக்கோடும் ஓட்டையும் தாமே வெளிப்படுகின்றன. சோதிப்பவரின் கைமீது ஒளி விழுந்தால் போதாது, சோதிக்கப்படும் பொருளின்மீது விழவேண்டும் என்பது அத்தொழிலாளர் எல்லாரும் அறிந்த நடைமுறை. ஒளிரும் குறியோ சுடுபவரின் எண்ணத்தை மட்டும் விளக்குகிறது. மேலும், ரைபிள் குண்டு குறி தப்பினால் சில கிலோமீட்டர் வரை செல்ல வல்லது. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஊர்ப்பாதைகளில் வீடு திரும்பும் இந்த வட்டாரத்தில் எந்த வயலின் இருட்டும் ஆளற்ற இருட்டு அன்று.

ஆகவே இரவில் துப்பாக்கி ஏந்துபவர் மூன்று கேள்விகளை முறையாகக் கேட்டாக வேண்டும்: இக்கொலை தவிர்க்க முடியாததா, எதிரில் நிற்பது எது, குறி சரியான இடத்தில் உள்ளதா. ஒளிரும் குறி மூன்றாம் கேள்விக்கு மட்டுமே உதவும். முதலிரண்டுக்கும் விடை கிடைக்காதவரை அவ்வுதவிக்குப் பொருளில்லை. ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தாழ்ந்த பெருக்கமும், அகன்ற காட்சியும், மிக மங்கலாகத் தாழ்த்தக்கூடிய குறியும் வேண்டுமென்பது இதன் நேர் விளைவு. சுடாமல் விடுவதற்குப் போதிய அளவு காட்டும் ஸ்கோப்பே அறத்தின் பார்வையில் சிறந்த ஸ்கோப். அதுபோலவே இப்பணியை ஏற்ற வனத்துறைக் குழுக்களின் திறமையும் வீழ்த்திய பன்றிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படலாகாது; ஐயம் எழுந்ததால் விரலை எடுத்துக்கொண்ட தருணங்களும் குறிப்பேட்டில் பதிவாகி, தேர்ந்த பணியாகவே மதிக்கப்பட வேண்டும்.