இருப்பது ஒன்றுதான் என்றால்

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து மக்களவைக்கு ஒருவர்தான் போக முடியும். 1952இல் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நியமன உறுப்பினராகப் போனார். 1967இல்தான் தீவு மக்கள் தாங்களே வாக்களித்து ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். முதலில் கே. ஆர். கணேஷ். பிறகு நீண்ட காலம் மனோரஞ்சன் பக்தா. அவரும் விஷ்ணு பத ராயும் மாறி மாறி. 2019இல் குல்தீப் ராய் சர்மா, 2024இல் மறுபடி விஷ்ணு பத ராய். பட்டியல் அவ்வளவுதான். அதில் ஒரு பெண் கூடக் கிடையாது. சட்டமன்றமும் இல்லாத யூனியன் பிரதேசம் அது. சட்டம் செய்யும் அவை எதிலாவது ஒரு தீவுப் பெண் உட்கார வேண்டுமானால் இந்த ஒரு நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

அந்தத் தீவுகளின் கதையே பெண்கள் குறைந்த கதைதான். 1858இல் கைதிகள் குடியேற்றமாகத் தொடங்கிய இடம். பெண் கைதிகளையும் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் அதிகாரிகளின் அனுமதியோடு ஆண் கைதிகளை மணந்து அங்கேயே தங்கினார்கள். 1901 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 318 பெண்கள். 1951இல் 625. 2011இல்கூட 876தான். செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்களுக்கு, அந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் மூத்த பாட்டி ஒரு கைதியாக வந்தவள் என்பது நினைவுக்கு வருவதில்லை. பின்னால் கிழக்கு வங்க அகதிகள் வந்தார்கள். ரங்கத்துக்கும் ஹட் பேக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்று நம் ஆட்களும் சேர்ந்தார்கள். 2011 கணக்கின்படி வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து அங்கே அதிகம் பேசப்படும் தாய்மொழி தமிழ்.

அங்கே பெண்கள் பொறுப்புக்கு வராமல் இல்லை. 1994இல் வந்த ஊராட்சி ஒழுங்குமுறையின்படி மூன்றில் ஒரு பங்கு இடம் அவர்களுக்கு. 2023 மார்ச்சில் போர்ட் பிளேர் நகராட்சித் தலைவராகத் தேர்வானவர் தெலுங்கு தேசம் கட்சியின் எஸ். செல்வி. அந்த நகராட்சியைப் போல இருபத்து நான்கு வார்டு இருந்தால் பங்கு பிரிக்கலாம். ஒன்றே ஒன்று இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யோசித்தவர்களில் கீதா முகர்ஜி ஒருவர். மேற்கு வங்கத்தின் பான்ஸ்குரா தொகுதியிலிருந்து 1980 முதல் தொடர்ந்து மக்களவைக்கு வந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1996 செப்டம்பரில் தேவ கவுடா அரசு பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மூன்றே மாதத்தில், டிசம்பரில், அறிக்கை வந்துவிட்டது. நம் நாடாளுமன்றக் குழுக்களின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மூன்றுக்கும் குறைவான தொகுதிகள் உள்ள மாநிலங்களையும் விட்டுவிடக் கூடாது என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. 2008 மசோதாவில் அது இப்படி உருவெடுத்தது: ஒரே தொகுதி உள்ள இடத்தில், மூன்று பொதுத் தேர்தல்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் முதல் தேர்தலில் அது பெண்களுக்கு. கீதா முகர்ஜி அதைப் பார்க்கவில்லை. 2000 மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு என் அக்கா நினைவு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் வெளியூரில் சேர்த்துப் படிக்க வைக்கக் கையில் பணம் இருந்தது. அண்ணன் போனான். அக்கா படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "இருக்கறது ஒண்ணு, என்னடி செய்ய?" என்றுதான் அம்மா கேட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த வருடம் வந்தது, மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண்ணுக்குச் சமமாகத் தர மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் அப்பாக்கள் குறைவு. இல்லாமைதான் அவர்களுக்காகப் பேசிவிடுகிறது. அந்த இல்லாமை ஏன் ஒருமுறைகூட மகன் பக்கம் விழுவதில்லை என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒன்றைப் பலர் அனுபவிக்க வேண்டியபோது என்ன செய்வது என்பது நமக்குத் தெரியாததும் அல்ல. ஒரே கிணற்றுப் பங்காளிகள் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சினார்கள். கிணற்றில் நீர் குறைவு என்று ஒரு பங்காளியின் வயலை மட்டும் காயவிட்டால் ஊர் கூடிக் கேட்கும். 2008 மசோதா செய்ததும் முறை வைத்ததுதான். பெண்ணின் முறையைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கடைசியில் வைத்திருந்தால் அதற்குள் மசோதாவை மாற்றியிருப்பார்கள்.

2010 மார்ச்சில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவையில் கிடந்து காலாவதியானது. 2023 செப்டம்பரில் புதிய மசோதா வந்தது. மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. அரசமைப்பின் 106ஆவது திருத்தமான அது, ஒரே தொகுதி உள்ள இடங்களுக்கென்று இருந்த அந்த ஏற்பாட்டைச் சுமந்து வரவில்லை. எந்தெந்த இடம் பெண்களுக்கு என்பதைப் பின்னால் வரும் சட்டத்துக்கு விட்டுவிட்டது. சுழற்சியும் தேர்தலுக்குத் தேர்தல் இல்லை. ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகும்தான். பெரிய மாநிலத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. அந்தமானில் இதன் பொருள், அந்த ஒரு தொகுதியைப் பெண்களுக்கென்று குறித்தால் அடுத்த மறுவரையறை வரை ஆண் எவரும் நிற்க முடியாது. குறிக்காவிட்டால் பெண்ணுக்கு இன்னொரு தலைமுறை காத்திருப்பு. இரண்டும் நியாயமில்லை. ஆனால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று பந்தயம் கட்டலாம்.

ஒதுக்கீடு இல்லாமலே ஜெயிக்கலாமே என்பார்கள். ஜெயித்திருக்கிறார்கள். 1977இல் நாகாலாந்திலிருந்து ரானோ ஷைசா, பின்னால் சிக்கிமிலிருந்து தில் குமாரி பண்டாரி, சண்டிகரிலிருந்து கிரண் கேர். எல்லாமே ஒற்றைத் தொகுதிகள். ஆனால் ரானோ ஷைசாவுக்குப் பிறகு நாகாலாந்து மக்களவைக்கு இன்னொரு பெண்ணை அனுப்பவில்லை. லட்சத்தீவும் மிசோரமும் நம் புதுச்சேரியும் ஒருமுறைகூட அனுப்பவில்லை. கணவன் பின்னாலிருந்து ஆட்டிவைப்பான் என்பது இன்னொரு வாதம். ஊராட்சிகளில் அது நடக்கிறது, மறுக்க முடியாது. சுழற்சி வைத்தால் தொகுதியை வளர்க்க யாருக்கும் ஆர்வம் இருக்காது என்ற வாதத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. மறுமுறை இங்கே நிற்க முடியாது என்று தெரிந்தவர் தீவுக் கப்பல்களுக்காக டெல்லியில் எவ்வளவு சண்டை போடுவார்? ஆனால் 2008 ஏற்பாட்டில், பெண்களுக்கு ஒதுக்கிய தேர்தலில் ஜெயித்த பெண், அடுத்த பொதுத் தேர்தலிலும் அதே தொகுதியில் நிற்கத் தடையில்லை. காத்திருக்க வேண்டியவர் ஆண் உறுப்பினர்தான். அதுவும் ஐந்து வருடம்.

2023 சட்டப்படி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதை ஒட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும். எந்தத் தொகுதி பெண்களுக்கு என்று தீர்மானிக்கும் சட்டத்தை எழுதும்போது, ஒற்றைத் தொகுதிகளுக்கு 2008 மசோதாவில் இருந்த அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பச் சேர்க்க வேண்டும். புதுச்சேரிக்கும் ஒரே உறுப்பினர்தான் என்பதால் இதைக் கேட்கும் பொறுப்பு தமிழர்களாகிய நமக்கும் உண்டு. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.