பொத்தான் நம்முடையது

விடுமுறைக்கு வந்திருந்த பேரன், கைப்பேசியில் ‘சாக்கர் பிசிக்ஸ்’ என்னும் கால்பந்து விளையாட்டைத் திறந்து என்னையும் ஆட அழைத்தான். அணிக்கு இரு வீரர்கள்; ஆடுபவருக்கோ ஒரே பொத்தான். அதை அழுத்தினால் நம் வீரர் இருவரும் ஒருசேர எம்பிக் குதிப்பர். எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார்களோ அந்தப் பக்கம் பாய்வர். மற்றதையெல்லாம் புவியீர்ப்பும் மோதலின் வேகமும் முடிவு செய்யும். தலையிலோ முதுகிலோ பட்டுப் பந்து எதிரணியின் வலைக்குள் விழலாம். நம் வலைக்குள்ளேயும் விழலாம்.

விழுந்து விழுந்து சிரித்தோம். இடைவிடாது வளைக்கப்படும் வில் முறிந்துபோவதுபோல ஓய்வில்லா மனமும் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் கூறியதாக வழங்கும் கதையைத் தூய தோமா அக்குவினா தம் இறையியல் நூலில் எடுத்துரைத்து, அளவறிந்து விளையாடுவதும் ஒரு நற்பண்பே என்கிறார். ஆனால், அன்றைய விளையாட்டு எனக்கு ஓய்வை மட்டும் தரவில்லை.

எனக்குக் கோல் கிடைத்தபோதெல்லாம், “எப்படி அடித்தேன், பார்த்தாயா?” என்றேன். என் வலைக்குள்ளேயே பந்து விழுந்தபோது, “இந்த விளையாட்டே சரியில்லை” என்றேன். பேரன் கேட்டான்: “ரெண்டு தடவையும் நீங்க அதே பட்டனைத்தானே தாத்தா அழுத்தினீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. மூத்த மகன் பொறியாளரானபோது, “என் வளர்ப்பு” என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். இளையவன் படிப்பைப் பாதியில் விட்டபோது, “சேர்க்கை சரியில்லை” என்று கைகழுவிவிட்டேன். இருவரையும் வளர்த்தது ஒரே கைதான். இந்தப் பேரன் அந்த இளையவனின் பிள்ளை.

விளைவு நம் கையில் இல்லாதபோது புகழும் பழியும் நம்மைச் சேருமா? பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் மெய்யியலார் இருவர் 1976-இல் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பினர். இருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகின்றனர் என்று கொள்வோம். ஒருவன் வழியில் குழந்தை குறுக்கே ஓடி வந்து அடிபட்டு இறக்கிறது. மற்றவன் பத்திரமாக வீடு சேர்கிறான். ஊர் முன்னவனைக் கொலையாளி என்கிறது. பின்னவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், இருவரும் அழுத்தியது ஒரே பொத்தான் அல்லவா? வீடு சேர்ந்தவனும் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடவேண்டியவனே. யாருக்கும் அடிபடவில்லை என்பது அவனுடைய புண்ணியம் அன்று. அவனுக்குக் கிடைத்த இரக்கம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கவனமாக ஓட்டியும் விபத்து நேர்ந்துவிட்டால் அதில் பாவமில்லை. ஆயினும் நல்ல மனிதன், “என் தவறன்று” என்று கூறி விலகிச் செல்லமாட்டான். அடிபட்டவரின் அருகில் போய் நிற்பான். குற்றமில்லாத இடத்திலும் கடமை உண்டு.

ஒருவர் நடுகிறார், மற்றவர் நீர் பாய்ச்சுகிறார், விளையச் செய்பவரோ கடவுளே என்று கொரிந்தியருக்குத் தூய பவுல் எழுதினார். பந்து எங்கே விழும் என்பது நம் ஆளுகைக்கு அப்பாற்பட்டது. பொத்தானை அழுத்தியது நாம்தான். ஆகவே வெற்றியில் நமக்குத் தேவை நன்றியுணர்வு. தோல்வியில் தேவை உண்மை. நாமோ பெரும்பாலும் இதை மாற்றிப் போட்டு வாழ்கிறோம். திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொள்ளும் அதே கை, வெளியே வந்ததும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுகிறது.

அன்றிரவு இளையவனைத் தொலைபேசியில் அழைத்தேன். “உன்னைப் பழித்தேனே தவிர, உன் பக்கத்தில் வந்து நிற்கவில்லையப்பா” என்றேன். நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டான்.