ஈரத் தானியமும் பிள்ளையின் காய்ச்சலும்

ஜும்ஆ பயான் – 29.10.2021

 



இன்ஷா அல்லாஹ், வருகிற திங்கட்கிழமை, நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. 2020 மார்ச் மாதம் அடைத்த கதவு. இடையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு இந்த ஜனவரியில் திறந்தார்கள், இரண்டாவது அலை வந்ததும் மூடினார்கள். செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மறுபடி திறந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இத்தனை நாளும் திறக்கவே இல்லை. இப்போது இரண்டாம் வகுப்பில் பெயர் இருக்கிற பிள்ளை, ஒன்றாம் வகுப்பு அறையில் ஒரு நாள் கூட உட்கார்ந்ததில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வருகை கட்டாயமில்லை, விருப்பமுள்ள பெற்றோர் அனுப்பலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆகவே முடிவு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பத்து நாட்களாக என்னிடம் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். "ஹஜ்ரத், அனுப்பலாமா? தவக்குல் வைத்து அனுப்பிவிடவா?"

மஹல்லாவில் இரண்டு விதமான பதில்கள் உலவுகின்றன. மவ்த்துக்கு நேரம் குறிக்கப்பட்டாயிற்று, அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டு அனுப்புங்கள் என்கிறார்கள் சிலர். உயிரை விடப் படிப்பு பெரிதா, தீங்கைத் தடுப்பது நன்மையைத் தேடுவதற்கு முந்தியது என்று ஃபிக்ஹு சட்டமே இருக்கிறதே என்கிறார்கள் வேறு சிலர். இருவரும் தீனைத்தான் ஆதாரம் காட்டுகிறார்கள். இருவருமே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

தவக்குலை எடுத்துக்கொள்வோம். ஹஜ்ரத் உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, ஸர்ஃக் என்ற இடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டுத் திரும்பிய சம்பவத்தைச் சென்ற ஒன்றரை வருடத்தில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய அமவாஸ் கொள்ளை நோய்க் காலம் அது. அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா ரழியல்லாஹு அன்ஹு கேட்டதும், ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் ரழியல்லாஹு அன்ஹு பதில் சொன்னதும் நமக்கு மனப்பாடம். அந்தச் சம்பவத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலில், ஆலோசனை. கலீஃபா அவர்கள் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு காரியத்துக்காகப் புறப்பட்டாயிற்று, திரும்பக் கூடாது என்றது ஒரு சாரார். இத்தனை மக்களும் நபித்தோழர்களும் உங்களோடு இருக்கிறார்கள், இவர்களை நோய்க்குள் கொண்டு போய் நிறுத்தாதீர்கள் என்றது இன்னொரு சாரார். அன்ஸாரிகளிடமும் அதே பிரிவு. மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்கள்தான் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். யாரும் யாரையும் ஈமான் குறைந்தவர் என்று ஏசவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் முகக்கவசம் போடுங்கள் என்று எழுதினால் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, அவர்கள் சொன்ன ஒட்டக உதாரணம். பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பு, மறு கரை வறட்சி. எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படிதான். இதில் கவனியுங்கள், கரையைத் தேர்ந்தெடுப்பவர் மேய்ப்பவர். விளைவை அனுபவிப்பது ஒட்டகம். அதனிடம் யாரும் கேட்பதில்லை. உமர் ரழியல்லாஹு அன்ஹு தம் உயிருக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். தம் பொறுப்பில் இருந்தவர்களின் உயிரை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தபோது கணக்குப் பார்த்தார்கள். உங்கள் உயிர் விஷயத்தில் நீங்கள் தவக்குல் வைப்பது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள காரியம். அடுத்தவருடைய உயிரை வைத்து நீங்கள் தவக்குல் சொல்லும்போது அது அமானிதம்.

இதைத் திங்கட்கிழமைக்குப் பொருத்திப் பாருங்கள். பள்ளிக்கூடம் கொடுத்த சம்மதக் கடிதத்தில் வாப்பா கையெழுத்துப் போடுகிறார். பெரும்பாலான பிள்ளைகளை இந்த நோய் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் பிள்ளை கொண்டு வருவதை வாங்கிக்கொள்கிறவர் வீட்டில் மூலைக் கட்டிலில் படுத்திருக்கும் நன்னி. சர்க்கரை, ரத்த அழுத்தம், டயாலிசிஸ் என்று ஏதாவது ஒன்று அவருக்கு இருக்கும். அவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டிலும் ஒரு நன்னி இருக்கிறார். அந்தக் கடிதத்தில் அவருக்கும் சேர்த்துத்தான் நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

அப்படியானால் அனுப்பவே வேண்டாமா? தீங்கைத் தடுப்பது முந்தியது என்ற சட்டத்தைச் சொல்கிறவர்கள், மூடிய பள்ளிக்கூடத்தில் தீங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதையும் வாப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார் என்றால் அந்த வீட்டில் எந்த ஆன்லைன் வகுப்பு நடந்தது? ஏழாவது படித்த பையன் கறிக்கடையிலும் மெக்கானிக் ஷாப்பிலும் வேலைக்குச் சேர்ந்து, கையில் காசு புரண்ட பிறகு புத்தகத்தைத் தொட மறுக்கிறான். பள்ளிக்கூடத்தில் கிடைத்த சூடான மதிய உணவு நின்றது. வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று வயது வராத பெண் பிள்ளைக்கு நிக்காஹ் பேச ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தவர்களும் உண்டு. முடியாது என்று திருப்பி அனுப்பினோம். இவையெல்லாம் தீங்கில்லையா? இரண்டு பக்கமும் தீங்கு இருக்கும்போது ஃபுகஹாக்கள் காட்டுகிற வழி, லேசானதை ஏற்று, கடுமையானதைத் தவிர்ப்பது. ஏற்கிற தீங்கையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் பிணைத்தொகை கட்ட வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்களை அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். நேற்று வரை வாள் ஏந்தி எதிரே நின்றவர்கள்! அவர்கள் முன்னால் மதீனாவின் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். அச்சம் தீர்ந்த பிறகு படிக்கலாம் என்று அந்த உம்மத் காத்திருக்கவில்லை. அதற்காக ஏற்பாடு இல்லாமல் விட்டுவிடவும் இல்லை. உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களும் ஷாமை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. நோய் ஓய்ந்த பின் அங்கே சென்று, இறந்தவர்களின் சொத்துகளை வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஆகவே திறக்கட்டும், அனுப்புங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். வீட்டில் கடும் நோயாளி இருந்து, மருத்துவர் வேண்டாமென்று சொன்னால் அது வேறு. அரசாங்கம் சுழற்சி முறை வைத்திருக்கிறது, முகக்கவசம், இடைவெளி என்று விதிமுறை கொடுத்திருக்கிறது. அவற்றைச் சுகாதாரத் துறை என்னை விட நன்றாகச் சொல்லும். ஆட்டோவில் பன்னிரண்டு பிள்ளைகளைத் திணித்து அனுப்பிவிட்டு, வகுப்பறையில் இடைவெளி இருக்கிறதா என்று ஹெட்மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது மட்டும் என் வேண்டுகோள்.

நான் அதிகம் பேச நினைப்பது, எந்த விதிமுறையும் எட்டாத ஓர் இடத்தைப் பற்றி. காலை ஆறரை மணி. பிள்ளையின் நெற்றி சுடுகிறது. உம்மாவுக்கு எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தால் சூடு இறங்கிவிடும், வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டுகிற கருவி ஒன்றும் சொல்லாது. பகல் பதினொரு மணிக்கு மருந்து வேகம் குறையும்போது பிள்ளை வகுப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த ஆறரை மணிக்கு உம்மாவையும் அல்லாஹ்வையும் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது. பள்ளிக்கூடத்தின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தின் மேல் நிற்கிறது.

மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்ற கடுமையான எச்சரிக்கையைச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ்.

மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமா? இல்லை. தானியம் நனைந்ததற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. நனைந்ததைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் விசாரணைக்கு வந்தது. அதேபோலத்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது யாருடைய குற்றமும் இல்லை. மாத்திரையால் மூடி அனுப்புவது காய்ந்த தானியத்தை மேலே பரப்புகிற வேலை. வியாபாரத்தில் ஏமாந்தவர் ஒரு மரக்கால் தானியத்தோடு தப்பித்தார். இங்கே ஏமாறுகிறவர் எதை இழப்பார் என்பது இந்த மே மாதத்தில் நம் மையவாடியில் தெரிந்தது.

அந்த உம்மாவை மட்டும் கண்டித்துவிட்டு நான் இறங்கிவிட்டால் அது இன்ஸாஃப் ஆகாது. மக்கள் ஏன் மறைக்கிறார்கள்? 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கதவில் ஸ்டிக்கர், தெருவை மறித்துத் தகரம். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காட்டி நோயோடு நம் சமுதாயத்தின் பெயரையே சேர்த்துப் பேசினார்கள். நோயாளி, குற்றவாளியைப் போல நடத்தப்பட்டார். மறைக்கும் பழக்கம் அங்கேதான் ஆழமாக வேரூன்றியது. அந்த வலியை அனுபவித்த நாமே, நாளை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தால் அந்த வீட்டார் அடுத்த முறை வாயைத் திறப்பார்களா?

ஸகீஃப் கூட்டத்தார் பைஅத் செய்ய மதீனா வந்தபோது அவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தது. உம்முடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், நீர் திரும்பிச் செல்லலாம் என்ற கருத்தில் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நோய் பரவாமல் விலக்கி வைத்த செய்தியாகவே இதை நாம் எடுத்துச் சொல்கிறோம். அவர் எதற்காக வந்தாரோ அது அவருக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். சபைக்கு வந்து கை கொடுத்தவர்களின் பைஅத்துக்கும், வராமல் திரும்பிய அவருடைய பைஅத்துக்கும் மதிப்பில் வித்தியாசம் வைக்கப்படவில்லை. விலகி நிற்கச் சொன்னவர்களே, அதனால் அவருக்கு நஷ்டம் வராமலும் பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் நடத்தும் நம் சமுதாயத் தாளாளர்களே, ஆசிரியர்களே, இந்த இடம் உங்களுக்குரியது. காய்ச்சலால் ஒரு வாரம் வராத பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால், வருகைக்கென்று பரிசும் சான்றிதழும் வைத்தால், விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்காமல் தேர்வு வைத்தால், உண்மை சொன்ன பெற்றோருக்கு அபராதம் போடுகிறீர்கள். பொய் சொன்னவருக்கு லாபம் கொடுக்கிறீர்கள். கட்டணப் பாக்கியை முன்வைத்துப் பிள்ளையை வாசலில் நிறுத்துவதும் வேண்டாம். பாக்கிக்குப் பயந்தே சிலர் பள்ளிக்கூடத்தோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். பேச்சு முறிந்த வீட்டிலிருந்து காய்ச்சல் செய்தி எப்படி வரும்?

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. உங்களுக்கு வந்துவிட்டது. வாராவாரம் மெகா முகாம் நடக்கிறது. வதந்தியை நம்பி இன்னும் போடாமல் இருக்கிற தாத்தாமார்கள் இந்த மஹல்லாவில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பேரப் பிள்ளை பயமில்லாமல் பள்ளிக்கூடம் போவதற்கு நீங்கள் தரக்கூடிய அன்பளிப்பு இது.

வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்களுக்கு இருந்த தடை இந்த மாதம் 14-ம் தேதிதான் நீங்கியது. ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகளின் வலி நமக்குப் புதியதல்ல. கதவு திறந்ததும் எவ்வளவு ஆவலோடு வந்தோமோ, பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள்.

நம் ஜமாஅத்தில் முதவல்லி அவர்களோடும் நிர்வாகிகளோடும் பேசி இரண்டு காரியங்கள் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போக முடியாமல் கூலி இழக்கும் தாய்மார்களுக்கு அந்த நாட்களின் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுப்போம். மோதினார் அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் வெளியே வராது. வசதியுள்ளவர்கள் இன்று தொழுகைக்குப் பின் இதற்கென்று தனியாகக் கொடுக்கலாம். மாலை மக்தபுக்கும் இதே முறைதான். உடம்பு சுகமில்லாத பிள்ளையை அனுப்ப வேண்டாம். எந்தப் பாடத்தில் விட்டதோ அதே பாடத்திலிருந்து உஸ்தாத் மறுபடி ஓதிக்கொடுப்பார். ஏன் வரவில்லை என்று பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று உஸ்தாதிடம் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை புத்தகப் பையோடு போகிற நம் பிள்ளைகளையும், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும், அவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்களையும், மாலையில் வாசலில் காத்திருக்கும் நன்னிமார்களையும் அல்லாஹ் ஆஃபியத்தோடு வைப்பானாக. ஆமீன்.